கருப்பசாமி சுருட்டை விட்ட கதை

எங்கள் பெரியப்பா சோணைமுத்து தெருவில் இறங்கினால் ஒரு வீடு பாக்கியில்லாமல் நலம் விசாரிப்பார். ஒரு வாசலில், "என்னத்தா, உலை கொதிச்சிருச்சா?" என்பார். அடுத்த வாசலில், "மருமகன் வந்துட்டுப் போயிட்டாகளா?" என்பார். அதற்கடுத்த வாசலில் ஆளே இல்லையென்றால் கட்டிக் கிடக்கும் ஆட்டைப் பார்த்து, "என்ன, எளைச்சுப் போயிட்ட?" என்பார். பரளச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இப்படி ஒரு அன்பான மனிதர் கிடையாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒரு வாசலுக்கு மேல் நிற்காமல் நடக்க அவரால் முடியவில்லை. மூச்சு வாங்க நிற்கிற இடத்தில் சும்மா நின்றால் நன்றாக இருக்காதே என்று ஏதாவது கேட்டு வைத்திருக்கிறார். பதில் சொல்கிறவர்கள் நீட்டி முழக்கினால் அவருக்கு அன்றைக்கு நல்ல நாள். "ஆமா" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்கிறவர்கள் மேல் அவருக்கு உள்ளூர வருத்தம் உண்டு.

பெரியப்பாவின் தொழில் கரிமூட்டம். வெட்டிய கருவேலங்கட்டைகளைக் குவித்து அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நாள் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். வெளியே வருகிற புகையின் நிறத்தைப் பார்த்து எங்கே மண் போடுவது, எங்கே துளை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். பார்க்கிற புகை பாதி என்றால் நெஞ்சுக்குள் போகிற புகை பாதி. அது போதாதென்று காதிடுக்கில் எப்போதும் ஒரு பீடி.

இதெல்லாம் அவர் வாழ்க்கையில் ஒரு பாதிதான். மீதிப் பாதி எங்கள் குலசாமி கருப்பனுக்குச் சொந்தம். அமாவாசைக்கு அமாவாசை கோயிலில் கொட்டு முழங்கினால் கருப்பன் பெரியப்பா மேல்தான் இறங்குவார். தொலைந்த ஆடு, தட்டிப்போன சம்பந்தம், வராத மழை என்று எது கேட்டாலும் குறி சொல்வார். ஆனால் இறங்கியதும் முதலில் கேட்பது சுருட்டு. சுருட்டுப் புகையாமல் கருப்பன் வாய் திறந்ததாகச் சரித்திரமே இல்லை.

சுருட்டைப் பற்றவைத்து நீட்டுவதும், பின்னால் நின்று சாமியின் இடுப்புக் கச்சையைப் பிடித்துக்கொள்வதும் பால்ச்சாமி சித்தப்பாவின் வேலை. அவர் பெரியப்பாவுக்குப் பங்காளி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். சித்தப்பாவுக்கு நெடுநாளாக ஒரு ஆசை இருந்தது. ஒரு தடவையாவது கருப்பன் ஆள் மாறித் தன் மேல் இறங்கிப் பார்க்கக் கூடாதா என்பதுதான் அது. வாய் விட்டுச் சொன்னதில்லை. ஆனால் கொட்டு வேகம் பிடிக்கும்போதெல்லாம் அவருடைய வலது தொடை லேசாக நடுங்க ஆரம்பிக்கும். யாராவது பார்த்துவிட்டால் வெட்கப்பட்டு நின்றுவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டை டாக்டர் ஒருவர் சொன்னார் என்று பெரியப்பா பீடியை விட்டார். கையிலிருந்த பீடிக்கட்டை மூட்டத்துக்குள்ளேயே போட்டுக் கரியாக்கிவிட்டு வந்தார். மூட்டத்துக்குப் போவதையும் நிறுத்தினார். ஆனாலும் இரைப்பு கூடிக்கொண்டே போனது. அது ஊருக்கெல்லாம் தெரியவந்தது கருப்பனால்தான்.

ஆடி அமாவாசை அன்று சந்தனம்மாள் வந்து சாமி முன்னால் நின்றாள். நாலு தெருவுக்கும் கேட்கிற மாதிரிப் பேசுகிற பெண்மணி. "அய்யா, என் வெள்ளாட்டக் காணோம். செனையாடு. எங்குட்டுப் போயித் தேட?" என்றாள்.

கருப்பன் கண்ணை உருட்டினார். சுருட்டை ஒரு இழுப்பு இழுத்தார். அருவாளை உயர்த்தி, "மேற்க..." என்றார். அதற்குமேல் மூச்சு வரவில்லை.

"போறேன் அய்யா" என்று கும்பிட்டுவிட்டுச் சந்தனம்மாள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் கண்மாய்க்கரையைத் தாண்டி மறைந்த பிறகு மூச்சு திரும்பி, "...போகாத" என்று முடித்தார் கருப்பன்.

ஆடு கிழக்கே பால்ச்சாமி சித்தப்பாவின் வைக்கோல் படப்புக்குப் பின்னால் அசைபோட்டுக்கொண்டு கிடந்தது. சந்தனம்மாள் பந்தல்குடி வரைக்கும் போய், தூத்துக்குடி ரோட்டில் லாரிக்காரர்களை நிறுத்தி ஆட்டின் அடையாளம் சொல்லி விசாரித்துவிட்டு, பொழுது சாய பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"சாமிக்கே இரைக்குது" என்று ஊர் பேச ஆரம்பித்தது. கருப்பனுக்கு வயதாகிவிட்டது என்றார்கள் சிலர். பால்ச்சாமி சித்தப்பா யாரையும் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்து, "ஒடம்பு தோதுப்படலன்னா சாமி வேற ஒடம்பு பாக்கும்ல" என்றார்.

எங்கள் வகையறாவில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். பி.எஸ்சி. இயற்பியல். திருச்சுழியில் நான் வைத்திருக்கும் இ-சேவை மையத்தின் போர்டில் என் பெயருக்குப் பக்கத்தில் அதுவும் இருக்கிறது. ஆகவே ஆஸ்பத்திரி, பேங்கு, தாலுகா ஆபீஸ் எங்கே போவதானாலும் கூடப் போகிற ஆள் நான்தான். அமாவாசை கழிந்த மூன்றாம் நாளே பெரியப்பாவையும் பெரியம்மா கருத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு மதுரையில் நுரையீரலுக்கென்றே இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். செலவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சிங்கப்பூரிலிருந்து அவர் மகன் பாண்டீஸ்வரன் அண்ணன் உத்தரவு போட்டிருந்தான்.

முதலில் ஊதுகிற பரிசோதனை. மூக்கை ஒரு கிளிப்பால் மூடி, வாயில் குழாயைக் கொடுத்து, ஒரே மூச்சில் எல்லாக் காற்றையும் வெளியே ஊதித் தள்ளச் சொல்வார்கள். அந்தச் சோதனைக்காரப் பெண் நல்ல உற்சாகமானவள். கையைத் தட்டிக்கொண்டே, "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்" என்று தாளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். பெரியப்பாவின் கண் மெல்ல மேலே போனது. தலை இடவலமாக ஆடியது. முழங்கால் துடித்தது.

பெரியம்மா பதறாமல், "ஏத்தா, கையத் தட்டாத. இவுகளுக்கு வந்துரும்" என்றார்.

"என்ன வந்துரும்?"

"சாமி."

அந்தப் பெண் தட்டிய கையைக் கீழே இறக்கினாள். பிறகு மீதிச் சோதனை முழுவதையும் காதில் ரகசியம் சொல்கிற மாதிரி, "ஊதுங்க... ஊதுங்க..." என்று முடித்தாள்.

அடுத்து ஆறு நிமிஷ நடை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அங்கும் இங்கும் நடந்து காட்ட வேண்டும். பெரியப்பா ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, "என்னப்பா, சாப்டாச்சா? எந்த ஊரு?" என்று விசாரித்தார். கூட நடந்த நர்ஸ், "அய்யா, பேசாம நடங்க" என்றாள். பேசாமல் நடந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அன்பு எவ்வளவு தூரத்துக்கு ஒரு முறை வருகிறது என்பதை அன்றைக்குத்தான் நான் கவனித்தேன்.

டாக்டர் ரேணுகாதேவி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். பொறுமையானவர்.

"அய்யா, இது எம்பைசீமாங்கிற நோய். நுரையீரல்ல இருக்கிற நுண்ணறை எல்லாம் சுவர் கிழிஞ்சு தொளதொளன்னு பையாப் போயிருச்சு. இடது பக்கம் மேல் பகுதிதான் ரொம்ப மோசம். உள்ள போன காத்து வெளிய வரமாட்டேங்குது. அது ஊதிப் பெருத்து, நல்லா இருக்கிற கீழ்ப் பகுதிய அமுக்கிக்கிட்டு இருக்கு."

பெரியப்பா யோசித்தார். "வேலையும் பாக்காது, எடத்தையும் விடாது."

"சரியாச் சொன்னீங்க."

"பால்ச்சாமி" என்றார் பெரியப்பா.

"யாரு?"

"பங்காளி, தாயி. நீங்க சொல்லுங்க."

நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, அந்த மோசமான பகுதிக்குப் போகிற காற்றுக்கிளைகளில் சின்னச் சின்ன வால்வுகளை வைத்துவிடலாம். உள்ளே இருக்கிற காற்று வெளியே வரும், வெளிக் காற்று உள்ளே போகாது. அந்தப் பகுதி சுருங்கிப் போகும், கீழே இருக்கிற நல்ல பகுதிக்கு இடம் கிடைக்கும்.

"கெணத்து மோட்டார்ல புட்வால்வு இருக்குல்ல பெரியப்பா, அந்த மாதிரி. ஒரு பக்கந்தான் தெறக்கும்" என்றேன் நான், படிப்புக்கு ஒரு உபயோகம் வந்த திருப்தியோடு.

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப பால்ச்சாமி வெளிய போலாம். திரும்பி உள்ள வர முடியாது."

"அப்படியும் வச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

"இதுலயே பெருசு இருக்கா தாயி? வீட்டு வாசக்காலுக்கு."

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இந்த வைத்தியம் எல்லோருக்கும் பொருந்தாது என்று விளக்கினார். நுரையீரலின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு முழுதாக இருக்க வேண்டும். ஓட்டை இருந்தால் பக்கத்திலிருந்து காற்று புகுந்துவிடும், வால்வு வைத்தும் பயனில்லை. "ஒங்களுக்கு நல்லா முழுசா இருக்கு" என்றார்.

"வீட்டுல அப்படி இல்ல. நடுச் சுவத்துல பெரிய ஓட்டை. அவன் கோழி பூராம் நம்ம அடுப்படியிலதான் மேயுது."

"கோழிக் கதைய விடுங்க" என்றார் பெரியம்மா. "எப்ப வப்பீக டாக்டரம்மா?"

அப்போதுதான் டாக்டர் இன்னொரு தாளை எடுத்தார். "அய்யா, புகை பிடிக்கிறத விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சொன்னீங்க. ஆனா ஒங்க சிறுநீர்ல நிகோட்டின் நெறைய இருக்கே."

பெரியப்பா நிஜமாகவே அதிர்ந்து போனார். பொய் சொல்லத் தெரியாதவர். "கருப்பன் மேல சத்தியமா நான் தொடல தாயி" என்றார். பிறகு ஏதோ பொறி தட்டியதுபோல, "அது கருப்பன் குடிக்கிறது" என்றார்.

"கருப்பன்ங்கிறது யாரு? ஒங்க கூடவே இருக்கவரா?"

"ஆமா. எங்க கூடத்தான்."

"பக்கத்துல ஒக்காந்து குடிப்பாரா?"

"பக்கத்துலன்னு சொல்ல முடியாது."

"இங்க பாருங்க, அடுத்தவங்க விடுற புகையும் ஒங்களுக்கு ஆகாது. அவர வெளிய போயி குடிக்கச் சொல்லுங்க. இல்லன்னா ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்க, நானே பேசுறேன்."

"கூட்டியாரலாம்" என்றார் பெரியப்பா தயங்கியபடி. "கொட்டு வேணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். இயற்பியலில் இதற்குப் பாடம் கிடையாது என்பதால் கொஞ்சம் திணறிப்போனேன். டாக்டர் முழுவதையும் கேட்டார். இந்த முறை சிரிக்கவில்லை.

"அய்யா, சாமிய நான் கொறை சொல்லல. குடிக்கிறது யாரா இருந்தாலும் புகை போற எடம் இந்த நுரையீரல்தான். சில மாசம் சுத்தமா நிறுத்தணும். டெஸ்ட்ல தெரியாம இருந்தாத்தான் வால்வு. வச்ச பெறகும் ஒரு இழுப்புகூடக் கூடாது."

"நான் எப்பவோ விட்டுட்டேன் தாயி" என்றார் பெரியப்பா பரிதாபமாக. "அவரப் போயி நான் எப்படிச் சொல்ல?"

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவர் யோசித்துக்கொண்டே வந்தார். சுருட்டு இல்லையென்றால் கருப்பன் வரமாட்டார். கருப்பன் வராத சாமியாடி கச்சையை அவிழ்த்துப் பால்ச்சாமி கையில் கொடுத்துவிட வேண்டியதுதான். சுருட்டு உண்டென்றால் வால்வு கிடையாது. கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்கே இரைக்கிற இந்த மூச்சை வைத்துக்கொண்டு எத்தனை அமாவாசை ஓட்டுவது? அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறும்போது மெல்லச் சொன்னார். "தம்பி, கச்சையில்லாம எனக்கு இருக்கத் தெரியாதுடா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பங்காளிகள் கோயிலில் கூடினார்கள். சாமியின் பழக்கத்தை மாற்றுவதென்றால் பல்லி சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கருப்பன் பீடத்துக்கு மேலே கூரையில் ஒரு பல்லி உண்டு. கேள்வியைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், சம்மதம் என்றால் சத்தம் கொடுக்கும். "கருப்பா, சுருட்ட விடலாமா?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியது. கழுத்து வலித்தது. பல்லி ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்றுவிட்டு இடத்தை மாற்றிப் படுத்துக்கொண்டது.

பால்ச்சாமி சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். "அண்ணே, நீங்க ஒடம்பப் பாருங்க. ஒரு வருசம் வேணும்னா எம்மேல வரட்டும். எனக்கொண்ணும் அதுல ஆசையில்ல."

"ஆசையில்லாதவருக்கு எதுக்குக் கொழுந்தனாரே அருப்புக்கோட்டையில புதுச் சலங்க வாங்குனீக?" என்றார் பெரியம்மா ஓரத்திலிருந்து.

சித்தப்பா பல்லியைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசியில் கருப்பனையே அழைத்துக் கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அதில் ஒரு சிக்கல். கருப்பன் வருவது பெரியப்பா மேல். வந்ததும் கேட்பது சுருட்டு. சுருட்டு வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் அழைக்கிறோம். இதை யார் சொல்வது என்று தெரியாமலேயே கொட்டைத் தட்டச் சொன்னார்கள்.

கருப்பன் இரைத்துக்கொண்டே வந்தார். "சுருட்டு... எங்கடா?"

சித்தப்பா பழக்க தோஷத்தில் பற்றவைத்துவிட்டார். அப்போது பெரியம்மா எழுந்து நடுவில் வந்து நின்றார். கல்யாணம் ஆனதிலிருந்து கருப்பன் முன்னால் அவர் நின்றதே இல்லை. அவுக சாமியா இருக்கையில் சம்சாரம் எதுக்குக் குறுக்க என்று ஒதுங்கிப் போய்விடுவார்.

"அய்யா, நான் கருத்தம்மா. இந்த ஒடம்புக்குச் சோறு போடுறவ."

"சொல்லு."

"நீங்க எறங்குறீக, குடிக்கிறீக, மலையேறிப் போயிர்றீக. பெறகு இருமுறது யாரு? பக்கத்துல கெடந்து கேக்குறது யாரு?"

கொட்டு தானாக நின்றது.

"டாக்டரம்மா சுருட்டு ஆகாதுன்னுட்டாக."

"எனக்கா?" என்றார் கருப்பன்.

"ஒங்களுக்கும் சேத்துத்தான்."

கருப்பன் அருவாளை உயர்த்தினார். மூச்சு வரவில்லை. பெரியம்மாவே தொடர்ந்தார். "குடிச்சே ஆகணும்னா ஒங்களுக்குச் சொந்த வாய் ஒண்ணு இருக்குல்ல. அந்தா, சிமிண்டுல நிக்கிறீகல்ல, அந்த வாயில குடிங்க. இந்த வாயில குறி மட்டும் சொல்லுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பீடத்தின் மேல் சிமெண்டுக் கருப்பன் கையில் அருவாளும் காது வரைக்கும் மீசையுமாக, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார்.

பெரியப்பா மேல் இருந்த கருப்பனும் பார்த்தார். "அது... தெறக்காதே" என்றார்.

"தெறந்துக்கலாம் அய்யா" என்றார் பால்ச்சாமி சித்தப்பா, தன்னை மறந்து.

கூரையில் பல்லி சத்தம் கொடுத்தது. ஒரு தடவையில்லை, விடாமல் கொடுத்தது. கருப்பன் அதை அண்ணாந்து பார்த்தார். பெரியம்மாவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மலையேறிவிட்டார்.

ஒப்புக்கொண்டு போனாரா, கோபித்துக்கொண்டு போனாரா என்பது பெரிய வாதமாகிவிட்டது. அடுத்து கொட்டு போடுவது பங்குனிப் பொங்கலுக்குத்தான், அதுவரை குறி கேட்பது கிடையாது என்று பங்காளிகள் தீர்மானித்தார்கள். சுருட்டில்லாமல் கருப்பன் வருகிறாரா என்று அன்றைக்குப் பார்ப்பது. வராவிட்டால் கச்சை கைமாறும்.

சிமெண்டு வாயைத் திறக்கும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். எலக்ட்ரீஷியனான தன் மருமகனின் துளை போடும் எந்திரத்தை வாங்கிவந்து, கும்பிட்டு, உதட்டின் நடுவில் வைத்து அழுத்தினார். எந்திரம் வழுக்கி இடது பக்க மீசையில் பாதி பெயர்ந்து விழுந்தது. மனம் தளராமல் துளையைப் பிடரி வரைக்கும் கொண்டுபோனார். "முன்னாடி இழுத்துப் பின்னாடி விடணும். அப்பத்தான் சுருட்டு அணையாம நிக்கும். காத்து ஒரு பக்கமாத்தான் போகணும். அண்ணனுக்கு வக்கிற அதே டெக்னிக்கு" என்றார். மேற்கிலிருந்து மேல்காற்று அடித்தபோது ஒரு சுருட்டைப் பற்றவைத்துச் சொருகிப் பார்த்தோம். கருப்பன் பிடரி வழியாக அழகாகப் புகைவிட்டார். அன்றிலிருந்து ஊரில் சித்தப்பாவுக்கு டாக்டர் பால்ச்சாமி என்று பெயர்.

அந்த மாதங்களில் பெரியப்பா சுருட்டின் வாசத்துக்கே எதிர்த் திசையில் நடந்தார். மறுபடி சோதித்தபோது நிகோட்டின் இல்லை. "கருப்பன் சொன்னா கேக்குறவர்தான்" என்றார் டாக்டர்.

வால்வு வைக்கிற அன்று காலையில் பெரியப்பா ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தார். "தாயி, திருப்பி மாட்டிறாதீக. வரவிட்டுப் போகவிடாம வச்சிட்டா நான் வெடிச்சிருவேன்." மயக்கம் கொடுத்து, குழாயை இறக்கி, வால்வுகளை ஒவ்வொன்றாக அதனதன் கிளையில் பொருத்தினார்கள். வால்வு என்றால் பேனா மூடியைவிடச் சின்னது. கம்பி வலையும் சிலிகோன் தோலும் சேர்ந்த ஒரு குட்டிக் குடை மாதிரி இருந்தது. டாக்டர் மேசையில் இருந்த மாதிரி ஒன்றை நான் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.

அப்புறம் சில நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். மேல் பகுதி சுருங்கி, கீழ்ப் பகுதி விரிகிற சமயத்தில் நுரையீரலின் ஓரம் கிழிந்து காற்று கசியக்கூடுமாம். அதனால் அடிக்கடி எக்ஸ்ரே எடுத்தார்கள். கசிவு ஒன்றும் வரவில்லை.

பால்ச்சாமி சித்தப்பா ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்திருந்த நேரத்தில்தான் டாக்டர் உள்ளே வந்தார். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "அய்யா, சந்தோஷமான விஷயம். பால்ச்சாமி நல்லாச் சுருங்கிட்டாரு. எடத்தக் காலி பண்ணிக்கிட்டு இருக்காரு" என்றார்.

சித்தப்பா தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "வரும்போதுதான் புரோட்டா தின்னேன். சுருங்கலயே" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பெரியப்பா ஆரஞ்சு உரிக்கத் தொடங்கினார். பெரியம்மாதான் சமாளித்தார். "ஆஸ்பத்திரியில ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பேரு வப்பாக கொழுந்தனாரே. முக்கியமான பாகத்துக்கு ஒங்க பேரு." சித்தப்பா ஊர் போய்ச் சேர்வதற்குள் அதைப் பெருமையாகப் பத்துப் பேரிடம் சொல்லியிருந்தார்.

நோய் போய்விடவில்லை, மூச்சுக்கு இடம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். இன்ஹேலரில் உறிஞ்சுகிற மருந்தை விடக்கூடாது. தினமும் நடக்க வேண்டும். சாமி வந்தால் குதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தினமும் நடந்ததில்தான் புதுத் தொல்லை வந்தது. இப்போது பெரியப்பா தெருமுனை வரை ஒரே நடையாகப் போனார், வாசல்களில் நிற்கவில்லை. "சோணைமுத்துக்குத் திமிரு வந்துருச்சு" என்றார்கள் ஊரில். "மதுரைக்குப் போயிட்டு வந்ததும் மனுசர் கண்ணுக்குத் தெரியல." வாரக்கணக்கில் பதில்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. சந்தனம்மாள் நேராகவே மறித்து, "என் ஆடு குட்டி போட்டுச்சே, ஏன்னு ஒரு வார்த்த கேட்டியளா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

பங்குனிப் பொங்கல் வந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற உச்சிப் பொழுதில் பெரியப்பா கச்சை கட்டி, சலங்கை கட்டி, பீடத்துக்கு எதிரே நின்றார். கொட்டு ஆரம்பித்தது. பெரியம்மா இந்த முறை ஒதுங்கிப் போகவில்லை. முன்வரிசையிலேயே நின்றார்.

கருப்பன் வரவில்லை. கொட்டுக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். பெரியப்பா பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போலச் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தார். கண் மட்டும் கலங்கியது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்னால் நின்ற சித்தப்பாவின் வலது தொடை நடுங்க ஆரம்பித்தது. அப்புறம் கால் முழுவதும் நடுங்கியது. சலங்கை அவர் மடியில் இருந்தது, அதுவும் குலுங்கியது. எல்லோர் பார்வையும் அவர் பக்கம் திரும்பியது.

சித்தப்பா பெரியப்பாவின் முதுகைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் தன் தொடையை அமுக்கிப் பிடித்து, "சும்மா கெட" என்று அதை அதட்டினார். மடியிலிருந்து சுருட்டை எடுத்துத் தீக்குச்சியால் பற்றவைத்து, சிமெண்டுக் கருப்பனின் வாயில் சொருகினார். மேல்காற்று ஒரு இழுப்பு இழுத்தது. கருப்பனின் பிடரியிலிருந்து புகை சுருள் சுருளாகக் கிளம்பியது.

பெரியப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "ஏஏஏய்" என்று தொடங்கி, நிற்காமல் போய்க்கொண்டேயிருந்தது. அவ்வளவு நீளமான சத்தத்தை அவரிடம் ஊர் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கொட்டுக்காரர்களுக்குத் தாளம் தப்பியது. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கருப்பன் சுருட்டுக் கேட்கவில்லை. குதிக்கவும் இல்லை. சிமெண்டு முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "என் மீசை எங்கடா?"

சித்தப்பா கச்சையைப் பிடித்தபடி பின்னால் ஒளிந்துகொண்டார். "எந்திரம் வழுக்கிருச்சு அய்யா" என்றார் அங்கிருந்தே.

குறி கேட்க முதல் ஆளாகச் சந்தனம்மாள் வந்து நின்றாள். "அய்யா, அந்த ஆடு போட்ட குட்டியக் காணோம். எங்குட்டுத் தேட?"

கருப்பன் அருவாளை உயர்த்தினார். "வடக்க ஓடக்கரையில கருவேல முள்ளுக்குள்ள கயிறு மாட்டி நிக்குது, இருட்டுறதுக்குள்ள போயி கயித்த அவுத்து வீட்டுக்குக் கூட்டியா, ஒரு கொறையும் இல்ல" என்றார். எல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

சந்தனம்மாள் அசையவில்லை.

"போ" என்றார் கருப்பன்.

"இருக்கட்டும் அய்யா. மிச்சத்தையும் சொல்லுங்க."

"மிச்சம் இல்ல. அம்புட்டுத்தான்."

"எனக்கொண்ணும் அவசரமில்ல. மூச்சு வாங்கிக்கிட்டுப் பையச் சொல்லுங்க" என்றாள் சந்தனம்மாள். "போன தடவ பந்தல்குடி வரைக்கும் போயிட்டு வந்தவ நான்."

சொல்லிவிட்டுச் சேலையை ஒதுக்கிக்கொண்டு, கருப்பன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.